காற்றைக் கட்டும் பாவு

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் ஒரு வீட்டுக்குள் காற்றடைத்த பேடல் போர்டு ஒன்றைக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தால், தறிக்காரர் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார். 'டொக்' என்று கட்டை போலச் சத்தம் வரும். மரமா, ஃபைபரா என்று யோசிப்பார். அடைப்பைத் திறந்துவிட்டால் புஸ்ஸென்று மூச்சு விட்டு, கொஞ்ச நேரத்தில் துவண்டு, கோரைப்பாய் போலச் சுருண்டு ஒரு முதுகுப்பைக்குள் அடங்கிவிடும். மூன்று மீட்டர் நீளம், பதினைந்து சென்டிமீட்டர் கனம். ஒரு ஆள் ஏறி நின்று துடுப்பு போட்டாலும் நடுவில் தொய்வதில்லை. வெறும் காற்றை எது இப்படிப் பலகையாக நிறுத்துகிறது?

வெட்டிப் பார்த்தால் தறிக்காரருக்குப் புரிந்துவிடும். அது நெசவு.

உள்ளே மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. இரண்டும் ஒரே தறியில், ஒரே நேரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக நெய்யப்பட்டவை. மேல் துணிக்கு ஒரு பாவு, கீழ்த் துணிக்கு ஒரு பாவு. மூன்றாவதாக இன்னொரு பாவு இருக்கிறது. அதன் இழைகள் மேல் துணியின் ஊடையில் ஒரு முறை மாட்டிக்கொண்டு இறங்கி, கீழ்த் துணியின் ஊடையில் மாட்டிக்கொண்டு மறுபடி ஏறுகின்றன. வெல்வெட் நெய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டு துணிகளையும் இணைக்கும் இழைகளை நடுவில் கத்தியால் அறுத்துக்கொண்டே போனால் இரண்டு வெல்வெட் துணிகள் கிடைக்கும். அறுக்காமல், இழைகளைப் பதினைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு விட்டு நெய்தால் இந்தப் பலகையின் உள்ளுடல் கிடைக்கும். 'டிராப் ஸ்டிச்' என்று அதற்குப் பெயர். தையல் என்று பொருள்படும் பெயர் தவறானது. இது முழுக்க முழுக்கத் தறிவேலை.

அந்த இழைகள் சுமக்கும் பாரத்தைக் கணக்கிட்டால் மலைப்பாக இருக்கும். பலகைக்குள் காற்றை 15 பிஎஸ்ஐ வரை ஏற்றுவது வழக்கம். கார் சக்கரத்தில் இருப்பதில் பாதி. கேட்கச் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் அந்த அழுத்தம் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் பத்து டன்னுக்கு மேல் தள்ளுகிறது. பலகையின் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர். அதாவது மேல் துணியையும் கீழ்த் துணியையும் பிரித்தெறிய ஏறக்குறைய 20 டன் விசை ஓயாமல் முயல்கிறது. ஒவ்வொரு இழையும் ஒரு கிலோ தாங்குவதாக வைத்துக்கொண்டாலும் இருபதாயிரம் இழை வேண்டும். எல்லா இழைகளும் ஒரே நீளமாக இருப்பதால்தான் பலகை தட்டையாக இருக்கிறது. ஓரிடத்தில் இழைகள் அறுந்தால் அந்த இடம் பலூன் போலப் புடைத்துக்கொள்ளும். பாவில் ஒரு இழை தளர்ந்தாலும் சேலையில் காட்டிக்கொடுக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த உத்தி விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1956-இல் காற்றடைத்துப் பறக்கவிடும் ஒரு குட்டி விமானத்தைச் செய்தது. 'இன்ஃப்ளாட்டோபிளேன்' என்று பெயர். அதன் இறக்கை இதே வகை நெசவுத் துணியால் ஆனது. எதிரிப் பகுதியில் மாட்டிக்கொண்ட விமானிக்குப் பெட்டியில் போட்டு வானிலிருந்து இறக்கலாம், அவர் காற்றடித்து ஏறிப் பறந்து வந்துவிடலாம் என்பது திட்டம். ராணுவம் கடைசியில் அதை எடுத்துக்கொள்ளவில்லை. துணி மட்டும் பிழைத்துப் படகுக்கும் பலகைக்கும் வந்து சேர்ந்தது.

பட்டிழையால் இதை நெய்தால் என்ன என்று ஆரணிக்காரர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான், பட்டு வலுவான இழை. ஆனால் அது தண்ணீர் குடிக்கும். சாதாரண ஈரக் காற்றிலேயே தன் எடையில் 11 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்துக்கொள்ளும். நனைந்தால் வலுவும் குறையும். பாலியஸ்டர் வைத்துக்கொள்வது அரை சதவீதத்துக்கும் குறைவு. உடம்புக்கு இதமான குணம் எதுவோ அதுவே பலகைக்கு ஆகாத குணம்.

சரி, பலகை தயார். ஆரணியிலிருந்து நான்கு பேர் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். எங்கே போவது?

ஊரைச் சுற்றி ஏரிகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவை பாசன ஏரிகள். தண்ணீர் இருக்கும் மாதங்கள் சொற்பம். சுற்றுலா ஏரி என்றால் ஏலகிரி நினைவுக்கு வரும். 1863-இல் லெவிஞ்ச் உருவாக்கிய கொடைக்கானல் ஏரி, 1824-இல் சல்லிவன் தோண்டத் தொடங்கிய ஊட்டி ஏரி என்று பட்டியல் நீளும். மலை ஏரிகளில் இரண்டு தொல்லை. காற்று மலை இடுக்குகளில் புகுந்து திடீர் திடீரென்று வரும். கொடைக்கானல் ஏரி நட்சத்திர வடிவில் கைகள் விரித்துக் கிடப்பதால் ஒரு கையில் அசைவற்ற நீரும் அடுத்த கையில் அலையுமாக இருக்கலாம். இன்னொன்று குளிர். நீர், காற்றைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். விழுந்து எழுந்து பழகும் முதல் நாளுக்கு அது தோதான இடமல்ல.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு வேரூன்றிய இடம் வேறு: கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு உப்பங்கழியும் அதை ஒட்டிய கோவளமும். மீனவக் குப்பமான கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்ட பையன்கள் பலர் துடுப்புப் பலகையிலும் ஏறினார்கள். தேசியப் போட்டிகளில் திரும்பத் திரும்ப வென்ற சேகர் பச்சை அந்த ஊர்க்காரர்தான். கழியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் நடக்கிறது. மிதிபடகு, துடுப்புப் படகு, விசைப்படகு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்ப்பரப்பே தேர்த் திருவிழாவாகிவிடும். ஆரணியிலிருந்து செய்யாறு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போனால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

இங்கே ஒரு பழைய கணக்கையும் சொல்லியாக வேண்டும். பலகையில் நின்று துடுப்பு போடுவது ஹவாய்த் தீவின் கண்டுபிடிப்பு என்று விளையாட்டு நூல்கள் எழுதும். வைக்கிக்கி கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்தவர்கள் அப்படிச் செய்தது உண்மை. ஆனால் சோழமண்டலக் கரையில் மரங்களை வரிசையாகக் கட்டி, அதன்மேல் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு போட்டு அலையைத் தாண்டியவர்களின் வண்டிக்கு என்ன பெயர்? ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் அச்சேறிய தன் பயண நூலில் இந்தக் கரையின் கட்டுமரத்தை விவரித்திருக்கிறார். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட ஐரோப்பியர்கள் பிற்பாடு அதை இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். பெயர் ஒரு பக்கம் போயிற்று, பொருள் இன்னொரு பக்கம் நின்றது. இன்றைய துடுப்புப் பலகை, அந்த இரட்டைப் படகைவிட நம் கட்டுமரத்துக்கே நெருங்கிய உறவு.

கரையில் நிற்கிறவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், 'என் எடையைத் தாங்குமா?' என்பது. தாங்கும். பலகையின் கொள்ளளவு ஏறக்குறைய 300 லிட்டர். எழுபது கிலோ ஆளும் பத்து கிலோ பலகையும் சேர்ந்து 80 லிட்டர் நீரை ஒதுக்கினால் போதும், ஆர்க்கிமிடீஸ் திருப்தியாகிவிடுவார். அதாவது பலகை நான்கு சென்டிமீட்டர்தான் நீரில் இறங்கும். மிச்சப் பதினொன்றும் வெளியே. உப்புநீர் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் கடல்நீரிலும் வித்தியாசம் இரண்டு லிட்டர்தான்.

மிதப்பது சுலபம். கவிழாமல் மிதப்பதுதான் விஷயம். அதன் கணக்கைப் போட்டவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே. பூமியின் வடிவத்தை அளக்க ஆண்டிஸ் மலைக்குப் போன குழுவில் இருந்தவர், அங்கே மலைமேல் உட்கார்ந்து கப்பலைப் பற்றி எழுதினார். 1746-இல் நூல் வெளியாயிற்று. ஒரு மிதவை சாயும்போது, நீரில் அமிழ்ந்த பக்கம் கூடுதலாக மேலே தள்ளி அதை நிமிர்த்தப் பார்க்கும். அந்தத் தள்ளுவிசை மிதவையின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். எடையின் மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை மிதவை நிமிரும். மேலே போய்விட்டால் கவிழும்.

எண்பது சென்டிமீட்டர் அகலப் பலகையில் நடுத்தர உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நின்றால் அவருடைய எடை மையம் அந்தப் புள்ளிக்கு ஒரு சாணுக்கும் குறைவாகவே கீழே இருக்கிறது. தோராயக் கணக்குதான், ஆனால் நிலைமையைக் காட்டப் போதும். அகலத்தை 75 சென்டிமீட்டராகக் குறைத்தால் அந்த மிச்சமும் கரைந்துபோகும். ஏனென்றால் நிலைப்பு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது: ஐந்து சென்டிமீட்டர் கூட்டினாலும் குறைத்தாலும் பலன் பெரிதாக இருக்கும். குறுகலான பந்தயப் பலகையில் நிற்பவரை நிறுத்துவது பலகையல்ல, அவருடைய கணுக்காலும் உள்காதும்தான். புதியவர்கள் அகலமான பலகையைக் கேட்டு வாங்க வேண்டும். நீளம், நிறம், பிராண்டு எல்லாம் அப்புறம். கால்கள் தடுமாறினால் உடனே மண்டியிட வேண்டும். எடை மையம் ஒன்றரைச் சாண் இறங்கிவிடும், பலகை சாதுவாகிவிடும்.

இந்தக் கணக்கு உயிரோடு விளையாடியதும் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். மேல் தளத்தில் கூட்டம், எடை மையம் உயரத்தில். பூகே எழுதியதுதான் நடந்தது.

அடுத்தது காற்று. முட்டுக்காட்டுக்குத் திட்டம் போடுகிறவர் இரண்டு மணி நேரம் செலவழித்து யோசிக்க வேண்டியது இதை மட்டும்தான்.

தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது: வாடை, தென்றல், கொண்டல், கோடை. கழியில் ஒரே நாளில் இவற்றில் இரண்டு வந்து போகும். இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்வதால், விடிகாலையில் மெல்லிய காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏறியதும் நிலம் சூடாகி, முற்பகலிலோ நண்பகலுக்குப் பிறகோ கிழக்கிலிருந்து கடற்காற்று திரும்பி வரும். தென்மேற்குப் பருவ மாதங்களில் மேலைக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று பிற்பகல் வரை தாமதமாகும்.

இதை வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். படகுக் குழாம் சாலைக்கு மேற்கே. சாலைப் பாலத்துக்குக் கிழக்கே முகத்துவாரம், அதற்கப்பால் வங்கக்கடல். காலைக் காற்று அமைதியாக இருக்கிறது என்று நம்பிக் கிழக்கே போகிறவரை அந்த அமைதியான காற்றே கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். போகும்போது சுகம், திரும்பும்போதுதான் விலை தெரியும். ஆகவே விடிந்ததும் இறங்கி, முதலில் மேற்கே, எதிர்காற்றில் போக வேண்டும். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். கடற்காற்று எழுமுன் கரையேறிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று திரும்பி, வரும் வழியும் எதிர்காற்றாகிவிடும். ஒரே காலையில் இரண்டு முறை ஏமாறுவது இப்படித்தான்.

எதிர்காற்று எவ்வளவு படுத்தும்? நிற்கும் மனிதர் ஒரு பாய்மரம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்று அவரை ஒரு கிலோ எடையளவு விசையோடு தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. பலகையின் பெரும்பகுதி நீருக்கு வெளியே இருப்பதால் அதுவும் காற்றுக்குத் துணைபோகும். முதல் நாள் பழகுகிறவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போனால் அதிகம். மூன்று மீட்டர்ப் பலகையின் அலைத்தடை வரம்பே எட்டு கிலோமீட்டர்தான். அதற்குமேல் முக்கினால் தன் முன் எழும் அலைமேலேயே ஏற வேண்டியிருக்கும். மண்டியிட்டால் பாய்மரம் பாதியாகும். குப்புறப் படுத்துக் கையால் துழாவினால் பாய்மரமே இல்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை, போட்டிக்காரர்களும் செய்வதுதான்.

கூட்டம் சேர்ந்த பிறகு காற்றோடு இன்னொன்றும் வரும்: விசைப்படகு விட்டுப்போகும் அலை. படகின் பின்னால் விரியும் அந்த அலைக்கூம்பின் கோணம் ஏறத்தாழ 39 பாகை என்று 1887-இல் கணக்கிட்டுச் சொன்னவர் கெல்வின் பிரபு. ஆழமான நீரில் படகு மெதுவாகப் போனாலும் சரி, சற்று வேகமாகப் போனாலும் சரி, கோணம் அதுதான். குளத்து வாத்துக்குப் பின்னாலும் அதே 39. மிக வேகமான படகுகளின் கூம்பு இதைவிட ஒடுங்கித் தெரியும் என்பதை ரபோ, மொய்சி என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் 2013-இல் காட்டினார்கள். நமக்கு வேண்டிய சேதி வேறு: படகு கடந்துபோன கணத்தில் ஆபத்து இல்லை, சில விநாடி கழித்துத்தான் அலை வந்து சேரும். அந்த விநாடிகளுக்குள் பலகையின் மூக்கை அலையை நோக்கித் திருப்பிவிட வேண்டும். நீளவாட்டில் மூன்று மீட்டர், குறுக்குவாட்டில் முக்கால் மீட்டர். அலையை எந்தப் பக்கம் வாங்குவது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. முழங்கால் மடிந்திருக்கட்டும், துடுப்பு நீரிலேயே இருக்கட்டும். நீரில் ஊன்றிய துடுப்பு மூன்றாவது கால்.

பாலத்தின் அடியில் இந்த அலைகள் தூண்களில் மோதித் திரும்பிக் குறுக்கும் நெடுக்குமாகக் கலக்கும். சென்னைக் கரையில் ஓதம் ஏறி இறங்குவது அமாவாசை, பௌர்ணமியிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் விரிந்த கழியின் நீரெல்லாம் குறுகிய வாய் வழியாகப் போய்வர வேண்டுமே. முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் அங்கே ஓட்டம் துடுப்பை மிஞ்சும். மணல்மேடு வாயை அடைத்திருக்கும் மாதங்களில் அதே இடம் குட்டையாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவ மழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஏரிகளின் உபரி நீரும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. அப்போது போவது மடத்தனம்.

பலகையையும் ஆளையும் இணைக்கும் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. விழுந்தால் காற்று பலகையை நீந்துகிறவரைவிட வேகமாகக் கொண்டுபோகும் என்பதால் கயிறு கட்டாயம். திறந்த நீரில் அதைக் கணுக்காலில் கட்டுவார்கள். ஆனால் ஓட்டமுள்ள இடத்தில், தூணிலோ வலைக் கம்பிலோ கயிறு மாட்டிக்கொண்டால், நீரின் இழுவிசையை எதிர்த்துக் குனிந்து கணுக்காலைத் தொடவே முடியாது. வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்டுவெஸ்ட் ஊரில் 2021 அக்டோபர் 30 அன்று, பெருக்கெடுத்த ஆற்றில் ஒரு தடுப்பணையைத் தாண்டிய பலகைக் குழுவில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த விபத்தை ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் கயிற்றின் வகையும் ஒன்று. ஓட்டம் இருக்கும் இடத்துக்கு, இழுத்தால் உடனே கழலும் இடுப்புக் கயிறுதான் சரி. லைஃப் ஜாக்கெட்டை நீச்சல் தெரிந்தவர்களும் போட வேண்டும். பலகையின்மேல் வைத்துக்கொண்டு போவது போடுவதாகாது.

படகுக் குழாமின் எல்லைக்குள் சொந்தப் பலகையைக் கேட்காமல் இறக்கக்கூடாது. கழியில் வலை வீசுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. எந்த இடத்தில் ஆழம், எங்கே சேறு, வாய் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் செயலிகளில் வராத தகவல்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு ஏரியல்ல, பிழைப்பு.

கடைசியாக வெயில். காலையில் 27 டிகிரியில் 15 பிஎஸ்ஐ அடித்த பலகையைத் தண்ணீரில் விடாமல் மணலில் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனால், உள்ளே காற்று 57 டிகிரிக்குச் சூடேறும்போது அழுத்தம் 18-ஐத் தொடும். வாயுவின் அழுத்தம் அதன் வெப்பநிலையோடு ஏறும் என்ற பள்ளிக்கூட விதிதான். இருபதாயிரம் இழைகளின்மேல் இன்னும் நான்கு டன் பாரம் ஏற்றியதாக அர்த்தம். நிழலில் போட வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். கிளம்பும்முன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்த பிறகே சுருட்ட வேண்டும்.

ஒன்பதரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். மிச்சப் பகலுக்கு, அதே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னாட்டு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கும் இடம். அவற்றில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் ஒன்று. காலையில் இழைகளின்மேல் நின்றுவிட்டு வரும் ஆரணிக்காரர்கள் அங்கே போய்த் தறியைப் பார்க்கலாம். கூட்டத்துக்குப் பயந்து வாரநாளில் போகிறவர்கள் கவனிக்க: தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.